ஏழரை மணி நேரம்

மாம்பலத்து அத்தைக்கு டெல்லி பக்கத்து ஊர். "ரெண்டே முக்கால் மணி நேரம்தானேடா, காலைல கிளம்பினா சாப்பாட்டுக்கு வந்துடலாம்" என்பார். மறுக்க வழியில்லை. டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

டிக்கெட்டில் போடாதவற்றைச் சொல்கிறேன். டெல்லியில் எங்கள் கோல் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சிவாஜி ஸ்டேடியம் மெட்ரோ. ஏறினால் சுமார் கால் மணியில் ஏர்போர்ட். ஆனால் அந்த ரயில் 2012-ல் பழுதுபார்க்க ஆறு மாதம் நிறுத்தப்பட்டதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே டாக்ஸி, அரை மணி. இரண்டு மணி முன்னதாக வரச் சொல்வார்கள். அவள் தன் பங்குக்கு ஒரு மணி சேர்ப்பாள். பெல்ட்டைக் கழற்றி மாட்டி, கேட் தேடி நடக்கிற நடையில் எங்கள் பன்னிரண்டு பக்க மார்க்கெட் கட்டடத்தைப் பத்துத் தடவை சுற்றியிருக்கலாம். சென்னையில் இறங்கிப் பெட்டி வந்து, ஆட்டோ பேரம் படிந்து வீடு சேர ஒன்றேகால் மணி. கூட்டிப் பாருங்கள், ஏழரை வரும். சனீஸ்வரனைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த ரெண்டே முக்காலும் முழுக்கப் பறப்பதல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்பது வரை கணக்கு. ஓடுபாதை க்யூவும் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். அதனால்தான் இருபது நிமிஷம் லேட்டாகக் கிளம்பியும் "குறித்த நேரத்துக்கு முன்பே" வந்துவிட்டதாகப் பெருமையாக அறிவிக்க முடிகிறது. மத்திய அரசு ஊழியனான எனக்கு இந்த வித்தை பழக்கம்தான். மூன்று நாள் வேலைக்கு ஐந்து நாள் கேட்டு, நாலாம் நாள் ஃபைலை நீட்டினால் நல்ல பெயர்.

லண்டன் போய்வருகிறவர்களுக்குச் சாக்குச் சொல்லக் காற்றாவது இருக்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் வேகக்காற்று போகும்போது இழுக்கும், வரும்போது தள்ளும். நாமோ வடக்கிலிருந்து தெற்கே போகிறோம். அந்தச் சாக்கு எடுபடாது.

கீழ்வீட்டு மாமா ரிடையராகியும் சென்னை போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ரயிலின் கட்சி. 1929-ல் பெஷாவர்–மங்களூர் வண்டியாகத் தொடங்கியபோது அதற்கு 104 மணி நேரம். "104-னு சொல்லித்தான் ஏத்தினான், ஏமாத்தலையே?" என்பார். சென்னைக்கு ஆகாய வழி சுமார் 1,760 கிலோமீட்டர், ரயில் வழி 2,180. "அந்த மிச்ச 420-லதாண்டா நாக்பூர் ஆரஞ்சு இருக்கு!" மூடுபனியில் ஜி.டி.யும் மணிக்கணக்கில் தாமதமாகுமே என்றால் மட்டும் மாமாவுக்குக் காது கேட்காது.

டெல்லியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைப் பனிக்கு முன் என் ஏழரைக் கணக்கும் நிற்காது. அந்த மாதங்களில் சென்னைக்குக் கிளம்புகிறவர்கள், நூறு இருநூறு கூட ஆனாலும் மதிய விமானத்துக்கே டிக்கெட் போடுங்கள்.