எம்.சி. ரோட்டு நைட்டிக் கடையில் ஆடிட்டர் பீஸ்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

ஆய்வுக்களம்: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு நைட்டிக் கடை. முதலாளி, விற்பவர், கல்லாவில் உட்காருபவர், ராத்திரி ஷட்டர் இழுப்பவர் ஆகிய நால்வரும் ஒருவரே.

'ஆடிட்டர்' எனப்படுபவர் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டயம் பெற்ற கணக்காளரா, அப்படி ஒருவரிடம் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாக போர்டு மாட்டியவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடைக்காரர்களிடையே இல்லை. பட்டயக் கணக்காளர் நிறுவனமும் ஜிஎஸ்டியும் பிறந்தது ஒரே தேதியில்: ஜூலை 1 (1949, 2017). தற்செயல் என்பாரும் உளர்.

ஆடிட்டர் செலவு ஐவகைப்படும்.

மாதச் செலவு: 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட. விளக்கம் வேண்டா. காம்போசிஷன் திட்டத்துக்கு மாறியவருக்கு இந்த மாதாந்தரத் தொல்லை கிடையாது. ஆடிட்டர் பில்லில் உள்ள 18 விழுக்காடு வரியும் திரும்பக் கிடையாது.

தாமதச் செலவு: ஒரு நைட்டிகூட விற்காத மாதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். விற்றிருந்தால் 50.

இனிப்புச் செலவு: தீபாவளிக்கு அரைக் கிலோ. ஆடிட்டருக்கு அல்ல, ஆபீஸ் பையனுக்கு. ரிட்டர்ன் போடுவது அவன்தான்.

இன்மைச் செலவு: ஆய்வின் உயிர்நிலை இது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, 2 கோடிக்குள் வியாபாரம் செய்பவரிடம், நீ கணக்கே எழுத வேண்டாம், ரொக்கத்தில் 8 விழுக்காடு, பேங்க் வழியாக வந்ததில் 6 விழுக்காடு லாபம் என்று ஒப்புக்கொள், போதும் என்றது. (2025ஆம் ஆண்டுப் புதுச் சட்டம் பிரிவின் எண்ணைத்தான் மாற்றியது, பேரத்தை அல்ல.) கணக்கே வேண்டாதவருக்குக் கணக்காளர் எதற்கு என்பது பூர்வபட்சம். கணக்கு வேண்டாம் என்று ரிட்டர்ன் போட ஆள் வேண்டுமே என்பது சித்தாந்தம். ஆக, இது எழுதாத கணக்குக்குக் கூலி. அந்தக் கூலியைச் செலவில் காட்டலாமா? கூடாது. எல்லாச் செலவும் போக மிஞ்சியதுதான் அந்த 8 என்று சட்டம் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

ஜிஎஸ்டி சட்டத்தின் 35ஆம் பிரிவோ கணக்கு வைத்தே தீரவேண்டும் என்கிறது. 36ஆம் பிரிவு 72 மாதம் பத்திரப்படுத்தச் சொல்கிறது. ஒரே கடை, ஒரே கல்லா. கணக்கு இல்லாமலும் இருக்கிறது, இருந்தும் தீரவேண்டியிருக்கிறது. அத்வைதிகள் இந்த நிலையைத் தொடாமல் விட்டது வியப்பே.

அந்த 72 மாதத்துக்குரிய மூல ஆவணங்கள் ஆணியில் தொங்கும் மஞ்சப்பையில் உள்ளன. பாதி தெர்மல் தாள். ஒரு கோடை தாண்டினால் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். எழுத்தே இல்லாத ஏட்டில் பாடபேதம் காண்பது நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதல்ல. பையனுக்கும் அது கைவந்துவிட்டது. டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, "இது சூரத் சரக்குண்ணே, அஞ்சு பர்சென்ட்" என்கிறான். (காண்க: மஞ்சப்பை, மேலடுக்கு, டீக்கறைப் பக்கம். ஒப்பிடுக: மேற்படி, கீழடுக்கு, வடை மடித்த தாள், எண்ணெய் படாத ஓரம். மறுப்பு: பக்கத்துக் கடை அண்ணாச்சி, வாய்மொழி, இரண்டாம் டீக்குப் பின். மறுப்புக்கு மறுப்பு: அதே அண்ணாச்சி, மூன்றாம் டீ, அச்சேறாதது.) இச்சான்றுகளை நான் நேரில் பார்த்ததில்லை. இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்தேன். அவரும் அப்படித்தான் எடுத்திருப்பார். அவர் இப்போது துறைத் தலைவர்.

லோன் செலவு: அரசாங்கமே கணக்கு வேண்டாம் என்று விட்டவரிடம் பேங்க் மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட் கேட்கிறது. கையெழுத்துக்குக் கீழே 18 இலக்க யூடிஐஎன் நம்பர் வேண்டும். அது பட்டயம் பெற்றவரிடம் மட்டுமே கிடைக்கும் என்பதால், தொடக்கத்தில் கண்ட கருத்து வேறுபாடு இங்கே தீர்கிறது. பீஸ் தனி. இல்லாத பேரேட்டிலிருந்து பேலன்ஸ் ஷீட் எவ்வாறு முளைக்கிறது என்பதற்குக் களச்சான்று ஒன்றே கிடைத்துள்ளது. பையன் போன் போடுகிறான்: "அண்ணே, ஸ்டாக்கு எவ்ளோ காட்டட்டும்?"

கடைக்காரர் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, நைட்டியை மடித்தபடியே கேட்கிறார்: "எவ்ளோ காட்டினா லோன் வரும்?"