பத்தாயிரம் மாப்பிள்ளைகள்
பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2010இல் வந்த வெனிஸ் ரத்தக்காட்டேரிக் கதைக்கு நான் பரம ரசிகன். 1580இல் ஒரு சீமாட்டி பெண்கள் பள்ளி நடத்துகிறாள். சேரும் பெண்களுக்குக் கோரைப்பல் முளைக்கிறது, கண்ணாடியில் உருவம் தெரிவதில்லை. கடைசியில் பார்த்தால் அவள் காட்டேரியே இல்லை, வேற்றுக் கிரகத்து மீன்! கால்வாய்க்குள் பத்தாயிரம் பையன்கள் பெண்ணுக்குக் காத்திருக்கிறார்கள். பள்ளிப் பெண்களின் ரத்தத்தை உறிஞ்சி, தன் ரத்தத்தை ஏற்றி, மருமகள் தயாரிக்கிறாள் தாய் மீன்.

காரைக்குடியில் அப்பத்தாவுக்குக் கதை சொன்னேன். பயப்படவே இல்லை.

“மாமியா ரத்தம் ஏறுச்சுன்னா அந்தப் பிள்ளைக, பையன்களுக்கு அக்கா தங்கச்சியில்லப்பா ஆகும்? அவுக என்ன கோயிலு?”

நகரத்தார் சமூகத்துக்குக் கோயில் ஒன்பது, இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி என்று. ஒரே கோயில் பங்காளிக்குள் பெண் எடுக்க முடியாது. அண்டம் தாண்டி வந்த மீனுக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லை. கதை எழுதிய டோபி விட்ஹவுஸுக்கும்தான்.

ஊரையே மூழ்கடிப்பது தாய் மீனின் திட்டம். வெனிஸ் சரி. எங்கள் ஊருணியில் கோடையில் கணுக்கால் நனைந்தாலே அதிசயம். போதாக்குறைக்கு வீடெல்லாம் பெல்ஜியம் கண்ணாடி, அடுப்பில் பூண்டுக் குழம்பு. கூப்பிடாமல் காட்டேரி உள்ளே வராது என்பார்கள். அது இங்கே செல்லாது, வாசலில் நிழல் தட்டினாலே ‘வாங்க, வாங்க’தான்.

அப்பத்தாவின் கவலை வேறு: பத்தாயிரம் பெண்ணுக்கும் சீர் வைத்தால் அவ்வளவு எவர்சில்வரையும் தண்ணிக்குள்ளே எங்கே அடுக்குவது?