கடன்காரர்

கடன் கொடுத்தவனையும் கடன்காரன் என்போம், வாங்கியவனையும் கடன்காரன் என்போம். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பிரெஞ்சு நாவலாசிரியர் ஒனோரே தெ பால்சாக் விஷயத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஓடுகிறவர் எப்போதும் அவர்தான்.

1799இல் தூர் நகரத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் ஆதியில் பால்ஸா. அப்பா அதைக் கொஞ்சம் மெருகேற்றி பால்சாக் ஆக்கினார். மகன் பார்த்தார், நடுவில் ஒரு ‘தெ’ செருகினால் ஜமீன் வாரிசு மாதிரி இருக்குமே என்று செருகிக்கொண்டார். காசு செலவில்லாமல் அவர் சேர்த்த ஒரே சொத்து அந்த ‘தெ’தான்.

சட்டம் படிக்கவைத்தார்கள். எழுதப்போகிறேன் என்று மாடியறையில் போய் உட்கார்ந்தார். இங்கிலாந்தின் கிராம்வெல்லைப் பற்றி ஒரு செய்யுள் நாடகம் வந்தது. வீட்டார் அதை ஒரு பேராசிரியரிடம் காட்ட, பையன் எதை வேண்டுமானாலும் செய்யட்டும், எழுத மட்டும் வேண்டாம் என்று அவர் சொன்னதாகப் பேச்சு. சரி, எழுதினால்தானே வம்பு, அடுத்தவர் எழுதியதை அச்சடிப்போம் என்று தொழிலில் இறங்கினார். நாடகாசிரியர் மொலியேரைப் பொடி எழுத்தில் ஒரே தொகுதியாகப் போட்டார். படிக்கக் கண் வேண்டுமே, விற்கவில்லை. அச்சிட்ட புத்தகம் போகாவிட்டால் சாதாரண மனிதன் கடையைக் கட்டுவான். இவரோ 1826இல் அச்சகத்தையே வாங்கினார். அதுவும் தள்ளாடியபோது எழுத்து வார்க்கும் பட்டறையில் பங்கு சேர்ந்தார். 1828இல் எல்லாம் சேர்ந்து கவிழ்ந்தன. ஏறக்குறைய 60,000 பிராங்க் கடன். அதில் பெரும்பகுதி பெற்ற தாயிடம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், இவர் கையை விட்டுப்போன அதே வார்ப்புப் பட்டறை, வேறொருவர் நடத்த ஆரம்பித்ததும் அமோகமாக ஓடியது.

அந்த நஷ்டத்திலிருந்து மீண்டு வந்ததெல்லாம் கதைதான். வட்டிக்காரன் கோப்செக் வந்தான். திவாலான வாசனைத் திரவிய வியாபாரி சேசர் பிரோத்தோ வந்தார். ‘கலைந்த கனவுகள்’ நாவலில் அச்சகம் நடத்தி நொடித்துப்போகும் தாவித் வந்தான். ஒரு பாத்திரத்தின் ஆண்டு வருமானம், மகளுக்குக் கொடுத்த சீதனம், அடகுச் சீட்டின் வட்டி என்று எல்லாவற்றையும் பைசா சுத்தமாகச் சொல்வார். கற்பனை மனிதர்களின் பற்று வரவில் அவர் அவ்வளவு கெட்டி.

எழுதும் முறை இதுதான். மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கை. நள்ளிரவில் எழுந்து, கிறிஸ்தவத் துறவி அணிவது போன்ற வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் காலைவரை பேனா. கூடவே காப்பி. பூர்போன், மார்த்தினிக், மோக்கா என்று மூன்று தினுசுக் கொட்டையைக் கலப்பார். மூன்றும் ஒரே கடையில் வாங்கினால் ஆகாது, பாரிஸின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு கடை. காப்பி வாங்கவே அரை நாள் நடை. ஊக்கம் தரும் பொருள்களைப் பற்றி 1839இல் ஒரு கட்டுரையே எழுதினார். நாள்பட நாள்பட வெறும் காப்பி ஏறாது, அப்போது வெறும் வயிற்றில் காப்பித்தூளையே விழுங்கலாம் என்று அதில் ஒரு யோசனை வேறு. முதல் டிகாக்‌ஷனுக்கே கை நடுங்குகிறவர்கள் இதை வீட்டில் முயலாதீர்கள்.

ஆனால் காப்பியைவிடப் பயங்கரமானது புரூஃப். நமக்கு புரூஃப் என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது. பால்சாக்குக்கு நாவல் எழுத ஆரம்பிப்பதே அங்கேதான். பெரிய தாளின் நடுவில் தபால்தலை ஒட்டியதுபோலக் கொஞ்சம் அச்சு, சுற்றிலும் வெள்ளை விளிம்பு என்று அடித்துத் தரச் சொல்வார். திரும்பி வரும்போது ஒவ்வொரு வார்த்தையிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி விளிம்புக்கு ஓடும். கோட்டின் முனையில் ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்திலிருந்து இன்னொரு கோடு. இடம் போதாமல் துண்டுச் சீட்டை ஒட்டியிருப்பார், சீட்டின் முதுகிலும் எழுதியிருப்பார். தாளைப் பார்த்தால் தீபாவளி ராத்திரி வானம். இதைச் சேர்த்துக் கோத்து அனுப்பினால் மறுபடி அதே வாணவேடிக்கை. சில புத்தகங்களுக்கு இது பத்துப் பதினைந்து தடவை நடந்திருக்கிறது. கம்பாசிட்டர்கள் கடைசியில் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: ஆளுக்கு ஒரு மணி நேரம் பால்சாக், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. (ஒரே ஒரு கமாவை மாற்றச் சொன்னதற்கு ஓர் அச்சகத்தில் நான் வாங்கிய முறைப்பு இன்னும் மறக்கவில்லை. பதினைந்து தடவை என்றால் அருவாள்தான்.) இத்தனை திருத்தத்துக்கும் கூலி யார் தருவது? பதிப்பாளர்கள் அதை அவர் கணக்கிலேயே எழுதினார்கள். கடனை அடைக்க நாவல், நாவலைத் திருத்தக் கடன்.

எழுத்துதான் இப்படி என்றால், எழுதாத நேரத்தில் ஐடியா வந்துவிடும். சார்தீனியத் தீவில் ரோமானியர்கள் வெட்டிப்போட்ட வெள்ளிச் சுரங்கக் கழிவில் இன்னும் வெள்ளி இருக்கிறது என்று ஜெனோவாவில் ஒரு வியாபாரி சொன்னார். இவரும் மனம் திறந்து திட்டத்தையெல்லாம் அந்த ஆளிடமே விவரித்தார். 1838இல் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், உரிமத்தை அந்த வியாபாரியே வாங்கிவிட்டிருந்தார். அடுத்து, பாரிஸுக்கு வெளியே வீல்தாவ்ரே பக்கம் வீடு கட்டி, கண்ணாடிக் கூடாரத்தில் ஒரு லட்சம் அன்னாசி. செடி ஒன்றுகூட நடவில்லை, பாரிஸில் விற்பனைக்குக் கடை பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்த வீட்டுச் சுவரெல்லாம் காலி. எங்கே சலவைக்கல், எங்கே ஓவியம் என்று கரித்துண்டால் எழுதிவைத்திருந்தார். கடன் வசூலிக்க வந்தவர்கள் கரித்துண்டையா ஜப்தி செய்வார்கள்?

அங்கிருந்தும் ஓட்டம். 1840இல் பாரிஸை ஒட்டிய பாஸியில், வீட்டைக் கவனித்துக்கொண்ட அம்மாளின் பெயரைத் திரித்து ‘மிஸ்யே தெ புரூஞோல்’ என்று வாடகைக்குப் புகுந்தார். மறுபடி அந்த ‘தெ’. மேட்டுத் தெருவில் ஒரு வாசல், பின்னால் பள்ளத்துச் சந்தில் இன்னொரு வாசல். மேலே மணி அடித்தால் கீழே ஆள் காணாமல் போகலாம். நண்பர்களுக்குக் கடவுச்சொல் உண்டு. பிளம் பழ சீசன் வந்துவிட்டது என்பது வாசலில் ஒன்று, பெல்ஜிய லேஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்பது உள்ளே இன்னொன்று. சரியாகச் சொன்னவர்தான் பால்சாக்கின் முகத்தைப் பார்க்கலாம். தொண்ணூற்றுச் சொச்சம் கதைகளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களும் நடமாடும் ‘மானுட நாடகம்’ முழுத் தொகுப்பாக உருப்பெற்றது இந்தப் பொந்தில்தான்.

கடைசியில் ஒரு பணக்கார விதவை, ஹான்ஸ்கா சீமாட்டி. 1832இல் ரசிகையாக ஒடெஸாவிலிருந்து கடிதம் எழுதியவர், 1850 மார்ச்சில்தான் கழுத்தை நீட்டினார். பதினெட்டு வருஷம். அதே ஆண்டு ஆகஸ்டில் பால்சாக் போய்விட்டார், வயது 51. கடனையெல்லாம் அந்த அம்மாள்தான் அடைத்தார்.

பாஸி வீடு இப்போது அருங்காட்சியகம். அவருடைய பீங்கான் காப்பிக் கூஜா, பெயரின் முதலெழுத்துகளோடு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. நிரந்தரக் கண்காட்சியைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. பெல்ஜிய லேஸும் கொண்டுபோக வேண்டாம்.