மீனைத் தண்ணீரில் மூழ்கடிப்பது எப்படி?

மாரி வெள்ளம் வடியத் தொடங்கிய இந்தக் கிழமையில் மட்டக்களப்புப் படுவான்கரை வாய்க்கால்களை எட்டிப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. விடுமுறைக்கு மீன்கூடு போடுகிற நம் ஆட்கள் வலையிறவுப் பாலம் தாண்டிப் போய், நைலோன் கூட்டில் கல்லைக் கட்டி அடியோடு தாட்டு, கைபேசியில் படமும் பிடித்துக்கொண்டு புளியந்தீவுக்குத் திரும்பிவிட்டார்கள். கூடு அங்கேயே கிடக்கிறது. உள்ளே பனையேறி மீனும் விரால் குஞ்சும் வயிறு வெளுத்து மிதக்கின்றன. அவை பசியால் சாகவில்லை, மூழ்கிச் செத்தன. மீன் மூழ்குமா என்று சிரிக்கலாம். பனையேறிக்குச் செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக, காற்றை வாங்கும் உறுப்பு ஒன்று உண்டு. செவுள் மட்டும் போதாததால்தான் அது அடிக்கடி மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போகிறது. விராலின் கதையும் ஏறக்குறைய அதுவே. பனையேறி தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டோர்ப் என்ற டேனியப் படை அதிகாரி எழுதியது 1797இல் லண்டன் லின்னேயன் சங்க ஏட்டில் அச்சானது. பனையில் ஏறியதோ இல்லையோ, ஈரத் தரையில் அது நகர்ந்து குளம் மாறுவது உண்மை. கரையில் போட்டாலும் பிழைத்துக்கொள்கிற மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கொல்வதற்குத் தனித் திறமை வேண்டும். அது நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

இந்த அறியாமைக்குக் காரணம், நமக்குத் தெரிந்தது ஒரேயொரு மீன் என்பதுதான்: நம் வாவியின் பாடும் மீன். கடைப் பலகையில் அது, கழகச் சின்னத்தில் அது, கலியாண வாழ்த்து மடலில் அது. மேடையேறும் எவரும் மீன் பாடும் தேனாட்டை வணங்காமல் ஒலிவாங்கியைத் தொடுவதில்லை. கொழும்பிலிருந்து வரும் விருந்தாளியைச் சோறு கொடுக்குமுன்னே கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப் போகிறோம். நிலவு நாள் என்றால் தோணியில் ஏற்றி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைக்கச் சொல்கிறோம். அவர் பாவம், நுளம்புக் கடியோடு ஏதோ கேட்டதாகத் தலையாட்டுகிறார். கேட்காவிட்டால் குற்றம் அவருடைய காதில். நிலவில் இல்லை, வாவியில் இல்லை, நம்மிடம் நிச்சயமாக இல்லை. 1848இல் வந்த பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டென்னன்டுக்கு அந்த ஒலி கேட்டது. ஆனால் நம் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனையல்ல, ஊரி என்ற நத்தையை! அதை அவர் அச்சிலும் எழுதிவைத்துவிட்டார். பாடகர் மீனா ஊரியா என்ற வழக்கு தீராமலே பாட்டுக்கு ஊர்முழுக்க விளம்பரம் நடக்கிறது. சட்டியில் கிடக்கிற கெண்டையும் கெளிறும் சுங்கானும் பாடாத குற்றத்துக்காக மொத்தமாகப் பொடிமீன் ஆகிவிட்டன. சுங்கான் மட்டும் முள்ளால் குத்தித் தன் பெயரை நினைவில் வைக்கச் செய்கிறது.

கூடு இப்படி மீனைக் கொல்கிறதென்றால் கூட்டையே தடை செய்யலாமே என்பார்கள். அது தவறு. உள்நோக்கிக் குறுகும் வாய் வழியாக நுழைந்த மீன் வெளியேறும் வழி தெரியாமல் சுற்றுமே தவிர, காயப்படுவதில்லை. செவுளில் இறுகி மீனைக் கொல்லும் தங்கூசி வலையை 2006இல் தடை செய்தது நியாயம். கூட்டிலோ வேண்டாததை உயிரோடு விடலாம். பிரம்பிலும் ஈர்க்கிலும் பின்னிய பழைய கூடு நாளடைவில் உக்கிப்போகும். நைலோன் உக்காது, ஆள் மறந்தாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும். பொடிமீன் போனால் என்ன என்பது அடுத்த கேள்வி. தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்தில் நீந்தும் குட்டி மீன் நுளம்புக் குடம்பிகளைத் தின்கிறது. டெங்குக் காலத்தில் கிணற்றுக்குக் கப்பி மீன் தேடி அலைகிறவர்களின் வாய்க்காலிலேயே அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது, சம்பளமும் கேட்பதில்லை. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியாவை நாம் உறவு கொண்டாடிக் குழம்பு வைக்கிறோம். மாரிக்கு மாரி வயலுக்குள் ஏறிவரும் சொந்த மீனுக்குத்தான் பெயரும் இல்லை, மரியாதையும் இல்லை.

ஆகவே கூடு போடுங்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் கூட்டின் மேற்பகுதி நான்கு விரல் அளவாவது தண்ணீருக்கு வெளியே நிற்கட்டும்; வெள்ளம் ஏறினால் கூட்டையும் ஏற்றிக் கட்டுங்கள். காலையில் தூக்கிப் பார்க்க மனமில்லாதவர் மாலையில் தாழ்க்க வேண்டாம். ஊருக்குத் திரும்பும்போது கூட்டையும் கையோடு கொண்டு போங்கள்.