விழுந்த முதல் பந்து

வத்திராயிருப்பு, கூமாபட்டிப் பக்கம் சாயங்கால வாலிபாலில் லிஃப்டர் என்று ஒரு புண்ணியவான் இருப்பார். அவர் தூக்கிக் கொடுக்கும் பந்து கோணலாகப் போகும். அடிக்கிறவன் அந்தரத்தில் எம்பி, பந்தைத் தேடி, வலையிலேயே அறைவான். திட்டு யாருக்கு? அடித்தவனுக்கு. மிச்சம் மீதி டிரில் மாஸ்டருக்கு. லிஃப்டர் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிற்பார்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்த உத்தியோகத்துக்கு குவார்ட்டர்பேக் என்று பேர். அவர் எறிய வேண்டும், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். எறிகிறவர் சொதப்பினால் ரிசீவருக்கு ‘கை ஓட்டை’ என்ற பட்டம், கோச்சுக்கு வீட்டுக்குப் போக வழிச்செலவு.

இந்த இரண்டு ஆட்டமும் பங்காளிகள்தாம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1890இல் ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தவர் அமோஸ் அலன்சோ ஸ்டாக். அவருடைய அணியில் ஆடிய ஜேம்ஸ் நைஸ்மித், அடுத்த வருஷம் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அதே பள்ளியில் படித்த வில்லியம் மார்கன், கூடைப்பந்துக்கு மூச்சுவாங்கும் நடுவயசுக்காரர்களுக்காக 1895இல் வாலிபாலைக் கண்டுபிடித்தார். அங்கிருந்தே வந்த ஹாரி பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். டிரில் மாஸ்டர்கள் என்ற இனம் விசிலோடு தமிழ்நாட்டில் பெருகியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே நம் லிஃப்டர் செய்யும் அநியாயத்துக்கு ஸ்பிரிங்ஃபீல்டிலும் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது.

சரி, எறிதல் எப்போது ஆரம்பித்தது? 1905 வரை பந்தை முன்னால் எறிவதே குற்றம். கட்டிப்பிடித்துக்கொண்டு காளை மாதிரி முட்ட வேண்டும், மேலே ஏழெட்டுப் பேர் விழ வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் பள்ளி, கல்லூரி மைதானங்களில் 18 பேராவது செத்துப்போனார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தார். அவர் பையனும் ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தான். பஞ்சாயத்துக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன?

ஆட்டத்தின் தந்தை என்று பேர் வாங்கிய வால்டர் கேம்ப்புக்கு எறிதல் பிடிக்கவில்லை. மைதானத்தை அகலமாக்கிவிட்டால் நெரிசல் குறையும் என்பது ஒரு யோசனை. ஆனால் ஹார்வர்ட்காரர்கள் 1903இல்தான் கான்கிரீட்டில் ஸ்டேடியம் கட்டி முடித்திருந்தார்கள். இடித்துக் கட்டச் சொன்னால் யார் துட்டு கொடுப்பது? 1906இல், வேறு வழியில்லாமல், பந்தை எறிந்துகொள்ளச் சொன்னார்கள்.

அனுமதித்த கையோடு கழுத்தையும் நெரித்தார்கள். எறிந்த பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்குச் சொந்தம். பிடிக்க ஓடுகிறவனைப் பந்து வந்துசேருமுன்பே இடித்துக் கவிழ்க்கலாம், கேட்பாரில்லை. பந்தோ மட்டை உரிக்காத தேங்காய் பருமன்.

இத்தனைக்கும் எறிதலை நம்பிக் களத்தில் இறங்கினவர் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகக் கோச் எடி காக்கெம்ஸ். நம் பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரிக்காரர்களைப் போலவே அவர்களும் சேசு சபை. அந்தக் கோடையில் பையன்களை விஸ்கான்சினில் பியூலா என்ற ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் எறிவதும் பிடிப்பதுமாகவே வைத்திருந்தார். பந்தின் தையல் கயிற்றில் விரலைப் பதித்துச் சுழற்றி எறி என்பது அவருடைய வித்தை.

1906 செப்டம்பர் 5. வவ்கெஷாவில் கேரல் கல்லூரியோடு ஆட்டம். பிராட்பரி ராபின்சன் கையை ஓங்கி, சட்டம் ஒப்புக்கொண்ட முதல் எறியை ஜாக் ஷ்னைடரை நோக்கி வீசினார். பொத்தென்று விழுந்தது. பந்து எதிரணிக்குப் போய்விட்டது. இன்றைக்குக் குவார்ட்டர்பேக்குகளை டிவியில் பிரித்து மேய்கிற நிபுணர்கள் அன்றைக்குப் பிறக்கவில்லை, ராபின்சனின் நல்ல நேரம். பிற்பாடு அதே ஆட்டத்தில் 20 கெஜத்துக்கு எறிந்தார், ஷ்னைடர் பிடித்து டச்டவுன் போட்டார். 22–0. அந்த வருஷம் ஆடின 11 ஆட்டமும் ஜெயம்.

மற்ற கோச்சுகள் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். பெரிய கல்லூரிக்காரர்களுக்கு அந்த விழுந்த பந்துதான் கண்ணில் நின்றது. எறிகிறவனை நம்பி வேலையை இழப்பதைவிட, முட்டி மோதித் தோற்பது அவர்களுக்குக் கௌரவமாகப் பட்டது. கோச் பயந்தால் ரிசீவருக்கு என்ன வேலை? எதிராளியை முட்டித் தள்ளுவதுதான். காக்கெம்ஸும் 1908 சீசனோடு செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பிவிட்டார். ராபின்சன் டாக்டராகி ஊசி போடப் போய்விட்டார்.

1913இல் நோட்டர்டேம் கல்லூரியின் குவார்ட்டர்பேக் கஸ் டோராய்ஸும், கூட்டாளி நூட் ராக்னியும் கோடை விடுமுறையில் ஒஹையோவின் சீடர் பாயிண்ட் கடற்கரைக்கு... கடல் என்ன கடல், அதுவும் ஏரிதான்... வேலைக்குப் போனார்கள். ஓய்ந்த நேரத்திலெல்லாம் ஒருவர் எறிய, ஒருவர் பிடிக்க. நவம்பர் 1இல் ராணுவக் கல்லூரி அணியை 35–13 என்று உரித்துத் தொங்கவிட்டார்கள். டோராய்ஸ் எறிந்தது 17, கைக்குப் போனது 14. கோச் ஜெஸ்ஸி ஹார்ப்பருக்கு உச்சி குளிர்ந்திருக்கும்.

பேர் யாருக்குப் போனது? பிடித்த ராக்னிக்கு. படிப்பு முடிந்ததும் ஐயோவா மாநிலத்தில் டுபுக் ஊர்க் கல்லூரி வேலைக்கு இரண்டு பேரும் காசு சுண்டிப் பார்த்தார்களாம். டோராய்ஸ் டுபுக்குக்குப் போனார், ராக்னி நோட்டர்டேமிலேயே தங்கி, ஹார்ப்பருக்குப் பிறகு தலைமைக் கோச் ஆனார், 1940இல் சினிமாப் படமாகவும் ஆனார். கல்லூரி ஃபுட்பால் புகழ்க்கூடத்தில் ராக்னியை 1951இல் சேர்த்தார்கள். டோராய்ஸுக்கு 1954 வரை காத்திருப்பு. சேர்த்ததும் கோச் என்ற கணக்கில்தான்.