சாப்பாட்டு மணி அடித்த பிறகு...

கேள்வி: மதிய இடைவேளையில் ஆசிரியர்கள் என்னதான் செய்கிறார்கள்?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: தனியார் பள்ளி என்றால் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸ் மாநாடு. ஒருவர் புளியோதரை, இன்னொருவர் தக்காளி சாதம், நடுவில் பொதுச்சொத்தாக ஒரு ஊறுகாய் பாட்டில். கை கழுவுவதற்குள் சீட்டுப் பணமும் சுங்குடிச் சேலைத் தவணையும் பைசல் ஆகிவிடும்.

அரசுப் பள்ளியில் கதையே வேறு. 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இன்றும் தினம் கொதிக்கிறது. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவராவது ருசி பார்த்தாக வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்தில் ராஜாவுக்கு மட்டும் கிடைத்த மரியாதை, இப்போது ஒன்றாம் வகுப்பு வாண்டுக்கும்! அப்புறம் வரிசை, தண்ணீர், தள்ளுமுள்ளு. "சார், எனக்கு முட்டை வரல" என்று நிற்பவனின் கன்னத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருக்கும். நடுவில் போனில் எமிஸ் என்கிற கல்வித் துறைத் தளத்தின் பதிவு வேறு சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15 அன்று நம்ம மதுரையில்தான் தொடங்கியது. ஆக, தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கண் காலையிலேயே தட்டு மேல்.

எல்லாம் முடிந்து வாத்தியார் தன் டப்பாவைத் திறக்கும்போது அடுத்த மணி அடிக்கும். இடைவேளை மாணவர்களுக்குத்தான், அம்மணி. ஆசிரியருக்கு அது கால அட்டவணையில் அச்சாகாத இன்னொரு பீரியட்!