கிடாரத்துக்கு ஆர் தலைவர்?

வா தம்பி, இரு. திருநாள் நோட்டீசோ? குடு பாப்பம். தலைவர், உபதலைவர், போசகர், செயலாளர், உபசெயலாளர், ஆலோசகர்... அட, உங்கட பங்கில பதவி இல்லாத ஆள் ஆரும் மிச்சம் இருக்கோ? நான் சம்பூர்ப் பத்திரகாளி கோயில் வளவுக்காரன். எங்கட பக்கமும் உதே கூத்துத்தான். அதால நோய் எனக்கு வடிவாத் தெரியும்.

ஒண்டை மட்டும் காணேல்ல. கிடாரம் தேய்க்க ஆர் தலைவர்?

வெக்கப்படாதை. உங்கட சபை துவங்கின காலத்திலயே சோத்துச் சண்டை வந்திட்டுது. திருத்தூதர் பணிகள், ஆறாம் அதிகாரம். எருசலேமில கிரேக்கம் பேசின கைம்பெண்டுகளைப் பந்தியில கவனிக்கேல்லயெண்டு புறுபுறுப்பு. பன்னிரண்டு பேரும், தாங்கள் போதிக்கிறதை விட்டுட்டுப் பந்தி பாக்க ஏலாதெண்டு ஏழு பேரைத் தெரிய வைச்சினம். எங்கட கதிரைக்காரருக்கு அந்த இடம் மட்டும் நல்ல பாடம். மிச்சத்தை வாசிக்கிறேல்ல. பந்திக்குப் போன ஏழு பேரில ஒருத்தர் ஸ்தேவான். அந்தப் புத்தகத்தில ஆக நீளமான பிரசங்கம் அவர் செய்ததுதான். இன்னொருத்தர் பிலிப்பு, எத்தியோப்பிய அரசியின்ர பொருளாளருக்கு நடுவழியில ஞானஸ்நானம் குடுத்தவர். மைக் பிடிக்க ஆசைப்படுறவரை முதல்ல அகப்பை பிடிக்கச் சொல்லு. ஸ்தேவானுக்குக் கல்லெறி விழுந்ததைச் சொல்லிப்போடாதை, ஓடியிருவாங்கள். இஞ்ச விழப்போறது கறிக்கு உப்புக் காணாதெண்ட கதை மட்டுந்தான்.

பெரிய வியாழனுக்குக் கால் கழுவுற சடங்கும் பாத்தனான். பன்னிரண்டு பேரும் வீட்டிலயே சவுக்காரம் போட்டுத் தேய்ச்சு, நகமும் வெட்டிக்கொண்டு வந்து குந்தியிருக்கினம். பிறகு சுவாமி கழுவ என்ன கிடக்கு? பாப்பரசர் பிரான்சிஸ் 2013இல உரோமையில சிறுவர் சிறைக்குப் போய்க் கழுவினவர், ஒரு முஸ்லிம் பிள்ளையின்ர காலையும் சேத்து. நீங்கள் அந்தப் பன்னிரண்டு வாங்குக்கு ஆளுக்காள் சிபாரிசு பிடிக்கிறியள். மூதூருக்கு வா, மீன் பெட்டி இறக்கிறவன்ர காலைக் காட்டுறன். சுவாமிக்கு ரெண்டு வாளித் தண்ணி வேணும்.

2006 சித்திரையில சம்பூரில செல்லும் கிபிர்க் குண்டும் விழ நாங்கள் ஓடினது உனக்கு ஞாபகம் இராது, கைக்குழந்தை நீ. பிறகு கிளிவெட்டி அகதி முகாம். தகரக் கொட்டில், வெக்கை, வரிசை. அங்க சிலுவை போட்டவள் வெங்காயம் வெட்ட, திருநீறு பூசினவள் அரிசி களைஞ்சாள். ஆர் தலைவர் எண்டு ஒரு குஞ்சும் கேக்கேல்ல. கேட்டிருந்தால் விறகு கொத்த விட்டிருப்பம். பறிபோன காணி 2015இல திரும்பி வரத் துவங்கிச்சுது. பின்னாலயே கதிரையும் வந்திட்டுது.

இப்ப நான் சொல்லுறதைச் செய். பதவியைக் குறைக்காதை, வெட்டுக்குத்து வரும். கூட்டு! கிடாரத் தலைவர், எச்சில் இலை உபதலைவர், மலசலகூடப் போசகர் எண்டு கொட்டை எழுத்தில அடி. பேர் நோட்டீசில வருமெண்டால் எங்கட சனம் எதையும் தேய்க்கும். சுருவக் கூடு தூக்க முன்தடிதான் வேணுமெண்டு நிக்கிறாரே ஒருத்தர், அவரை முதல்நாளே விறகு ஏத்த அனுப்பு. தோளின்ர பலம் தெரிஞ்சிடும்.

எனக்கோ? சீச்சீ, இந்த வயசில எனக்கென்னத்துக்கு... போசகர் வரிசையில ஒரு இடம் வெறுமையாக் கிடக்குது போல. சரி, போட்டுவிடு. இனிசியலைப் பிழையா அடிச்சுப்போடாதை.